வாழை நார்–எபாக்சி தகடு வலுவாக வர: எதை, எந்த வரிசையில் செய்வது? முழுமையான வழிகாட்டி

வாழை நாரை எபாக்சி ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசினில்) போட்டுத் தகடு வார்த்து, இழுவைச் சோதனைக்குக் கொண்டுபோனால் வெறும் ரெசின் தகட்டைவிடக் குறைவான வலிமை காட்டுகிறது. பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள், சிறு பட்டறைக்காரர்கள் என்று பலரும் முதல் முறை இங்கேதான் வந்து நிற்கிறார்கள். உடனே நார் சரியில்லை என்று வேறு நாருக்குத் தாவுகிறார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் குறை நாரில் இருப்பதில்லை. நாரும் ரெசினும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மெழுகு, ஈரம், காற்று மூன்றில் ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். கீழே வரும் படிகளின் வரிசை அந்த மூன்றையும் வெளியேற்றுவதற்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு 300 × 300 × 3 மி.மீ. அளவுத் தகடு ஒன்றை வைத்துக்கொள்கிறேன். நார், டிகார்ட்டிகேட்டர் இயந்திரத்தில் வாழை மட்டையிலிருந்து உரித்தது. ரெசின் எல்ஒய் 556 எபாக்சி, அதை இறுகவைக்கும் ஹார்டனர் எச்ஒய் 951. கற்றாழை நாருக்கும் சணலுக்கும் இதே வரிசை பொருந்தும். தேங்காய் நாரில் லிக்னின் (நாரை விறைப்பாக்கும் மரப்பொருள்) 40 சதவீதத்துக்கும் மேல் இருப்பதால் அதற்குக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைக்கும் நேரத்தைத் தனியாகச் சோதித்து முடிவு செய்ய வேண்டும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

0.1 கிராம் காட்டும் தராசு முதல் தேவை. ஹார்டனர் 20 கிராம் அளவில்தான் எடுப்போம். அதில் 2 கிராம் தவறினால் பத்து சதவீதப் பிழை. சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

காஸ்டிக் கரைசலுக்குப் பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் பாத்திரமோ எடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும்.

அப்புறம் 80 டிகிரி செல்சியஸில் நிலையாக ஓடும் ஓவன், பிஎச் தாள், அசிட்டிக் அமிலம் அல்லது வினிகர், இரண்டு தட்டையான எஃகுத் தகடுகள், 3 மி.மீ. கனமுள்ள எஃகுப் பட்டைகள், தகடு அச்சில் ஒட்டாமல் தடுக்கும் ரிலீஸ் வாக்ஸ், மைலார் ஷீட் (பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள்), சிறிய ரோலர், காற்றுப் புகாமல் மூடும் பைகள், சிலிக்கா ஜெல்.

நைட்ரைல் கையுறையும் கண் கண்ணாடியும் இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள். காஸ்டிக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஹார்டனர் அமீன் வகை. மீண்டும் மீண்டும் தோலில் பட்டால் ஒவ்வாமை பிடித்துக்கொள்ளும், வந்த பிறகு எளிதில் போகாது. எபாக்சி வேலையையே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு சோதனைத் தொடருக்கு வேண்டிய நார், ரெசின், ஹார்டனர் எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். வாழை நாரின் வலிமை ரகம், மரத்தின் வயது, மட்டையின் உள்வரிசை வெளிவரிசை என எல்லாவற்றையும் பொறுத்து மாறும். பாதித் தகடு ஒரு லாட்டிலும் மீதி இன்னொரு லாட்டிலும் செய்தால், கிடைக்கும் வித்தியாசம் உங்கள் சிகிச்சையால் வந்ததா, நாரால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

2. எந்த வலிமை வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எல்லா வலிமையையும் ஒரே தகட்டில் கூட்ட முடியாது. நாருக்கும் ரெசினுக்கும் பிடிப்பு கூடினால் இழுவை வலிமையும் வளைவு வலிமையும் ஏறும். ஆனால் அடி தாங்கும் திறன் சில நேரம் இறங்கும். அடி விழும்போது நார் ரெசினிலிருந்து உருவிக்கொண்டு வருவதே நிறைய ஆற்றலை விழுங்குகிறது. பிடிப்பு அதிகமானால் நார் உருவாமல் பட்டென்று முறிந்துவிடும்.

எனவே மேசைப் பலகை, தடுப்புப் பலகை என்றால் வளைவு வலிமையையும், ஹெல்மெட் உள்கூடு, வண்டியின் கதவுப் பலகை என்றால் அடி தாங்குவதையும் முன்னால் வையுங்கள். இதை முடிவு செய்யாமல் இறங்கியவர்கள் கடைசியில் ஐசாட் (அடி தாங்கும் சோதனை) முடிவு இறங்கியதைப் பார்த்துப் பதறுகிறார்கள். அது தோல்வி அல்ல, எதிர்பார்க்க வேண்டிய விளைவு.

3. கணக்கை ஈரமாவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்

அச்சின் கொள்ளளவு 30 × 30 × 0.3 செ.மீ., அதாவது 270 கன செ.மீ. நாரின் பங்கு கன அளவில் 25 சதவீதம் என்று வைப்போம். அது 67.5 கன செ.மீ. வாழை நாரின் அடர்த்தியை 1.35 என்று எடுத்தால் சுமார் 91 கிராம் உலர்ந்த நார். மீதி 202.5 கன செ.மீ. ரெசின் கலவை. அடர்த்தி 1.15 என்றால் 233 கிராம். ஓரத்தில் வழிவதற்கும் கோப்பையில் ஒட்டுவதற்கும் 15 சதவீதம் சேர்த்தால் 268 கிராம். எல்ஒய் 556-க்கு எச்ஒய் 951 எடையில் 10-க்கு 1. ஆக ரெசின் 243.6 கிராம், ஹார்டனர் 24.4 கிராம்.

எடைப் பங்கையும் கனப் பங்கையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே பரவலான தவறு. மேலே சொன்ன தகட்டில் நார் கன அளவில் 25, எடையில் 28 சதவீதம். வலிமைக் கணக்கெல்லாம் கன அளவில் போகும், தராசோ எடையைத்தான் காட்டும். நோட்டில் இரண்டையும் எழுதிவையுங்கள்.

கையால் அடுக்கும் முறையில் 25 சதவீதத்தில் தொடங்குவது நல்லது. அழுத்தம் இல்லாமல் 35-ஐத் தாண்டினால் எல்லா நாரையும் நனைக்க ரெசின் போதாது. நனையாத நார் தகட்டுக்குள் ஓட்டை மாதிரிதான்.

முதல் சுற்றில் மூன்றே தகடுகள் போதும்: வெறும் ரெசின், சிகிச்சை செய்யாத நார், சிகிச்சை செய்த நார். பலர் எடுத்த எடுப்பிலேயே ஒன்பது பத்துத் தகடுகளுக்குத் திட்டம் போடுகிறார்கள். கை பழகாத நிலையில் வரும் பிழை, நீங்கள் தேடும் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கும். இந்த மூன்றும் ஒழுங்காக வந்த பிறகு காஸ்டிக் செறிவையோ நார் அளவையோ மாற்றிப் பாருங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்.

4. நாரைத் தரம் பிரித்துச் சீவுங்கள்

உரித்த நாரில் மட்டைச் சதை ஒட்டிக்கொண்டிருக்கும். பழுப்பான துணுக்குகளாகத் தெரியும், விரலில் தேய்த்தால் பொடியாகும். அது அப்படியே தகட்டுக்குள் போனால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சாதாரணத் தண்ணீரில் அலசி, பாதி உலர்ந்ததும் அகலப் பல் சீப்பால் சீவுங்கள். முழுக்க உலர்ந்த பிறகு சீவினால் நார் அறுந்துபோகும்.

கருத்தது, பூஞ்சை பிடித்தது, கட்டையாகத் தடித்தது மூன்றையும் எடுத்துவிடுங்கள். சீவும்போதும் காஸ்டிக்கிலும் எடை குறையும் என்பதால் 91 கிராம் வேண்டுமானால் 130 கிராமில் தொடங்குவது பாதுகாப்பு.

5. காஸ்டிக் சிகிச்சை

வாழை நாரின் மேல் மெழுகும் பெக்டினும் இருக்கும். நாரின் நுண்ணிழைகளை ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும் பிணைத்திருக்கும். எபாக்சி மெழுகின் மேல் ஒட்டாது. காஸ்டிக் இந்த மேல்பூச்சைக் கழற்றி, நாரின் முகத்தைச் சொரசொரப்பாக்கி, செல்லுலோஸை வெளியே கொண்டுவருகிறது. ரெசின் பிடித்துக்கொள்ள இடம் கிடைக்கிறது.

5 சதவீதக் கரைசல் என்றால் ஒரு லிட்டருக்கு 50 கிராம். நார் எடையைப் போல் 20 மடங்கு கரைசல் வையுங்கள். 130 கிராம் நாருக்கு 2.6 லிட்டர் தண்ணீர், 130 கிராம் காஸ்டிக். தண்ணீரை முதலில் ஊற்றி, காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கரையும்போதே நன்றாகச் சூடாகும். அறை வெப்பத்துக்கு ஆறிய பிறகே நாரைப் போடுங்கள். சூட்டோடு போட்டால் 5 சதவீதமே நாரை அதிகமாகத் தின்றுவிடும், அடுத்த முறை அதே விளைவைத் திரும்பப் பெறவும் முடியாது.

வாழை நாருக்கு அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்தில் தொடங்கிப் பாருங்கள், இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். நார் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை புரட்டிவிடுங்கள். கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகி, பிறகு கடுங்காப்பி நிறத்துக்குப் போகும். கரைந்து வரும் லிக்னின்தான் அந்த நிறம்.

வலுவான கரைசல் வலுவான நாரைத் தரும் என்று 10, 15 சதவீதத்துக்குப் போகிறவர்கள் நிறைய. மெழுகும் ஹெமிசெல்லுலோஸும் போன பிறகு காஸ்டிக்குக் கடிக்கக் கிடைப்பது நாரின் உடம்புதான். முகம் சொரசொரப்பாக இருக்கும், நாரோ விரலில் சுற்றி இழுத்தால் அறுந்துவிடும். சிகிச்சைக்கு முன் பத்து நார், பின் பத்து நார் எடுத்துக் கையால் அறுத்துப் பாருங்கள். பின்னது எளிதாக அறுந்தால் செறிவையோ நேரத்தையோ குறையுங்கள்.

ஒரு முறை பயன்படுத்திய கரைசலில் அடுத்த கட்டு நாரைப் போடாதீர்கள். காஸ்டிக்கில் ஒரு பகுதி செலவாகியிருக்கும். ஒப்பிடும் தகடுகளில் இது பெரிய பிழையைக் கொண்டுவரும்.

6. முதலில் தண்ணீர், பிறகு அமிலம், மறுபடி தண்ணீர்

காஸ்டிக்கிலிருந்து எடுத்த நாரை நேராக வினிகரில் போடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று தோன்றும். ஆனால் நார்க் கட்டுக்குள் இன்னும் அந்தக் கடுங்காப்பி நிறக் கரைசல் நிற்கிறது. அமிலம் பட்டதும் அதில் கரைந்திருக்கும் லிக்னின் மறுபடி திடமாகி நாரின் மேலேயே படியும். கஷ்டப்பட்டுக் கழற்றியதை நாமே திரும்பப் பூசியதாகிவிடும்.

எனவே அலசும் தண்ணீர் நிறமில்லாமல் வரும்வரை மூன்று நான்கு முறை மாற்றி அலசுங்கள். அதன் பிறகு 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் ஐந்து நிமிடம். கடையில் கிடைக்கும் வினிகரில் அமிலம் 4, 5 சதவீதம் அளவில் இருக்கும் என்பதால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் சரி. மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, நாரைப் பிழிந்து வரும் சொட்டைப் பிஎச் தாளில் விட்டுப் பாருங்கள். 7 வர வேண்டும். வாளித் தண்ணீரைச் சோதிப்பதில் பயனில்லை. வாளி 7 காட்டும்போது கட்டின் நடுவில் 10 இருக்கும்.

மிச்சமிருக்கும் காஸ்டிக் ஈரத்தை இழுக்கும், நாரையும் தொடர்ந்து அரிக்கும்.

கழிவுக் கரைசலை அப்படியே சாக்கடையில் ஊற்றாதீர்கள். அமிலம் சேர்த்து 7-க்கு அருகில் கொண்டுவந்து, அடியில் படிந்ததை வடிகட்டிவிட்டு, உங்கள் ஆய்வகத்தின் கழிவு முறைப்படி அப்புறப்படுத்துங்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் நல்லது செய்யும் பொருளைச் செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, காஸ்டிக்கைக் கால்வாயில் விடுவதில் அர்த்தமே இல்லை.

7. நறுக்கி, பாயாக்கி, பிறகு உலர்த்துங்கள்

இங்கே வரிசை முக்கியம். நிழலில் தொங்கவிட்டு நார் லேசான ஈரத்தில் இருக்கும்போதே நறுக்கிப் பாயாக்க வேண்டும். முழுக்க உலர்ந்த துண்டு நார் சுருண்டு பந்து பந்தாகத் திரண்டுகொள்ளும். நீளவாக்கில் அடுக்கப்போகிறீர்கள் என்றால் கட்டின் இரண்டு முனையையும் கட்டி, கீழே சின்ன எடையைத் தொங்கவிடுங்கள். காஸ்டிக் பட்ட நார் இழுவிசை இல்லாமல் காய்ந்தால் முறுக்கிக்கொள்ளும், பிறகு நேராக அடுக்கவே வராது.

எவ்வளவு நீளத்துக்கு நறுக்குவது? ரெசின் தன் பிடியால்தான் நாருக்குள் சுமையை ஏற்றுகிறது. நார் குட்டையாக இருந்தால் முழுச் சுமை ஏறுவதற்குள் முனை வந்துவிடும். முழுச் சுமை ஏறத் தேவையான குறைந்தபட்ச நீளத்தைக் கணக்கிட, நாரின் வலிமையை விட்டத்தால் பெருக்கி, ஒட்டும் வலிமையின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நார் வலிமை 500 மெகாபாஸ்கல், விட்டம் 0.2 மி.மீ., ஒட்டும் வலிமை 5 மெகாபாஸ்கல் என்று வைத்தால் 10 மி.மீ. வரும். சிகிச்சையால் ஒட்டும் வலிமை 10 ஆனால் 5 மி.மீ. போதும். காஸ்டிக் செய்யும் உதவி இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது.

ஆனால் 5 மி.மீ.க்கு நறுக்கினால் நாரில் சராசரியாகப் பாதிச் சுமைதான் ஏறும். அதன் ஐந்து மடங்கு நீளத்தில் 90 சதவீதம் ஏறும். அதனால்தான் 25 முதல் 30 மி.மீ. என்று சொல்கிறோம். இன்னும் நீளமாகப் போனால் ஆதாயம் குறைவு, சிக்கல் அதிகம்.

துண்டுகளை எல்லாத் திசையிலும் பரப்பிய தகடு, ஒரே திசையில் அடுக்கிய தகட்டைப்போல் விறைப்பாக இருக்காது. பரப்பிய பாயில் நாரின் விறைப்பில் எட்டில் மூன்று பங்குதான் ஒரு திசையில் வேலை செய்யும். சுமை ஒரே திசையில் வரும் பொருள் என்றால் தயங்காமல் நீளவாக்கில் அடுக்குங்கள். சிகிச்சையில் படும் பாட்டையெல்லாம்விட இது ஒன்றே அதிகம் கொடுக்கும்.

பரப்பிய துண்டுகளை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பாய் கிடைக்கும். சுமார் 30 கிராம் வீதம் மூன்று பாய் செய்துகொள்ளுங்கள்.

இப்போது ஓவனில் 80 டிகிரி. நேரம் பார்த்து எடுக்காமல் எடை பார்த்து எடுங்கள். ஒரு மணிக்கு ஒரு தடவை எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடைகளுக்கு நடுவே அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் வந்தால் உலர்ந்துவிட்டது என்று பொருள். சீக்கிரம் முடிய வேண்டும் என்று 120, 130 டிகிரிக்கு ஏற்றாதீர்கள், நார் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

எடுத்தவுடன் சூட்டோடு சிலிக்கா ஜெல் போட்ட பையில் மூடுங்கள். இதன் அவசியம் புரிய ஒரு சின்னச் சோதனை: ஓவனிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி நாரைத் தராசில் திறந்தபடி வைத்து எண்ணைக் கவனியுங்கள். மழைக்காலச் சென்னையில் கண் முன்னாலேயே எடை ஏறும். வாழை நார் காற்றிலிருந்து தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் ஈரம் இழுக்கக்கூடியது. முந்தின நாள் உலர்த்தி மேசையில் வைத்த நாரை “உலர்ந்த நார்” என்று எடுத்துப் போடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. அந்த ஈரம் ரெசின் இறுகும் சூட்டில் ஆவியாகி நாரின் மேலேயே குமிழாக நிற்கும்.

8. சிலேன்: தேவையிருந்தால் மட்டும்

காஸ்டிக் தகடு நன்றாக வந்த பிறகே இதைத் தொடுங்கள். சிலேன், நாரையும் ரெசினையும் இணைக்கும் ஒரு சிலிக்கான் சேர்மம். அதன் ஒரு முனை நாரின் ஹைட்ராக்சில் தொகுதியைப் பிடிக்கும், மறுமுனை ரெசினைப் பிடிக்கும். எபாக்சிக்கு அமினோ சிலேன், பாலியெஸ்டருக்கு வினைல் அல்லது மெத்தாக்ரைல் சிலேன். வகை மாறினால் பயன் இல்லை. 80 பங்கு எத்தனால், 20 பங்கு தண்ணீர் கலவையில் 1 சதவீதம் கரைத்து, அசிட்டிக் அமிலத்தால் பிஎச் 4–5-க்குக் கொண்டுவந்து சிறிது நேரம் விட்ட பிறகு நாரை ஊறவையுங்கள். ஏழாம் படியின் பாயும் ஓவனும் இதற்குப் பிறகு வரும். சிலேன் நாரோடு இறுகப் பிணைய அந்த 80 டிகிரிச் சூடு தேவை.

9. அச்சைத் தயார் செய்தல்

எஃகுத் தகட்டைத் துடைத்து ரிலீஸ் வாக்ஸை மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசுங்கள். மேலே மைலார் ஷீட் விரித்தால் தகடு சுலபமாகக் கழலும். வாக்ஸ் தொட்ட கையுறையோடு நாரைத் தொடக்கூடாது. மெழுகை நீக்கத்தான் இவ்வளவு நேரம் செலவழித்தோம்.

நான்கு ஓரத்திலும் 3 மி.மீ. எஃகுப் பட்டைகளை வையுங்கள். ரெசின் வழிய மூலைகளில் சிறிது இடைவெளி விடுங்கள். பட்டை இல்லாமல் அழுத்தினால் ஒரு தகடு 3 மி.மீ., அடுத்தது 2.6 மி.மீ. என்று வரும். மெலிந்த தகட்டில் ரெசின் வெளியேறி நாரின் பங்கு கூடியிருக்கும், அதனாலேயே வலிமையும் கூடும். அதைச் சிகிச்சையின் பலன் என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். பட்டை வைத்தால் இந்தப் பொய் முடிவு வராது.

10. ரெசின் கலத்தல்

நார், அச்சு, ரோலர், எடைகள் எல்லாம் மேசையில் வந்த பிறகே ஹார்டனரை ஊற்றுங்கள். கலந்த பிறகு நம் ஊர் வெப்பத்தில் அரை மணி நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள். எபாக்சியில் ரெசினும் ஹார்டனரும் கணக்காகச் சேர்ந்து ஒரே வலையாகப் பிணைகின்றன. மிஞ்சிய ஹார்டனர் வலைக்கு வெளியே தொங்கி, தகட்டை மெத்தென்று ஆக்கி, ஈரத்தையும் இழுக்கும்.

மெதுவாக மூன்று நிமிடம் கலக்குங்கள். கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்துக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்று ஏறும். வேக்கம் சேம்பர் இருந்தால் ஐந்து நிமிடம் வையுங்கள். இல்லையென்றால் அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் குமிழ்கள் மேலே வரும். உயரமான கோப்பையில் 268 கிராமையும் விட்டுவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைய ஆரம்பிக்கும். பாதிப் பாதியாகக் கலப்பது இன்னும் நல்லது.

பாலியெஸ்டர் ரெசின் எடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் எம்இகேபி (மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு) கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுவதும் கலந்த பிறகே மற்றொன்று.

11. அடுக்குதல்

முதலில் அச்சில் ரெசின், அதன் மேல் நார்ப் பாய். நாரை வைத்துவிட்டு மேலிருந்து ஊற்றினால் காற்று அடியில் சிக்கிக்கொள்ளும். கீழே ரெசின் இருந்தால் அது நாருக்குள் ஏறும்போது காற்றை மேலே தள்ளும். பாய் நிறம் மாறி ஒரே சீராகக் கருமையாகும்வரை காத்திருங்கள். வெளுத்துத் தெரியும் இடம் நனையாத இடம். அங்கே மேலும் ரெசினை ஊற்றாமல் ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தள்ளுங்கள். முன்னும் பின்னுமாக உருட்டினால் நாரின் திசை கலைந்துவிடும்.

அப்புறம் ரெசின், அடுத்த பாய். இப்படி மூன்றும் முடிந்ததும் மேலே ரெசினும் மைலார் ஷீட்டும். ஷீட்டை ஒரு ஓரத்திலிருந்து சரித்து இறக்குங்கள், தட்டையாகப் போடாதீர்கள்.

12. அழுத்தமும் இறுகுதலும்

மேல் தகட்டை வைத்து, ரெசின் கெட்டியாகத் தொடங்கும் முன் அழுத்துங்கள். 50 கிலோ எடையைத் தூக்கி வைத்தால் பெரிய அழுத்தம் என்று தோன்றும். இந்தப் பரப்பில் அது சுமார் 5.4 கிலோபாஸ்கல்தான். அதே தகட்டை வேக்கம் பையில் போட்டால் காற்றழுத்தமே 700, 800 கிலோ அளவுக்கு அழுத்திவிடும். கம்ப்ரஷன் பிரஸ் இருந்தால் மேல் தகடு பட்டைகளில் உட்காரும்வரை மெதுவாக இறக்குங்கள். திடீரென்று இறக்கினால் ரெசின் ஓடும் வேகத்தில் நாரையும் அடித்துக்கொண்டு போகும்.

அறை வெப்பத்தில் 24 மணி நேரம் அச்சிலேயே இருக்கட்டும். பிறகு ஓவனில் மெல்ல ஏற்றி 80 டிகிரியில் நான்கு மணி நேரம், ஓவனுக்குள்ளேயே ஆறவிடுங்கள். வெறும் ரெசின் தகட்டுக்கும் இதே சூடு, இதே நேரம் தர மறக்காதீர்கள்.

13. வெட்டிச் சோதித்தல்

முதலில் அடர்த்தி. நம் கணக்குப்படி தகடு முழுமையாக நிரம்பியிருந்தால் அடர்த்தி 1.20 வரும். நீங்கள் அளந்தது 1.14 என்றால் ஐந்து சதவீதம் வெற்றிடம். அப்படி வந்தால் இழுவைச் சோதனைக்குப் பணம் கட்ட வேண்டாம். ஏழாம் படிக்கும் பதினொன்றாம் படிக்கும் திரும்பிப் போங்கள்.

ஓரத்தில் 15 மி.மீ. வெட்டி எறிந்துவிடுங்கள். மாதிரிகளை நுண்பல் ரம்பத்தால் உலர்வாக வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் நீளவாக்கில் தேயுங்கள். மாஸ்க் கட்டாயம். வாட்டர் ஜெட்டில் வெட்டினால் வெட்டுமுகத்து நார் தண்ணீர் குடித்து உப்பிவிடும்.

சோதனைத் தரமுறைகள் வகுக்கும் ஏஎஸ்டிஎம் அமைப்பின் எண்கள் இவை: இழுவைக்கு டி638 அல்லது டி3039, வளைவுக்கு டி790, அடிக்கு டி256. வளைவில் தாங்குபுள்ளிகளின் தூரம் கனத்தைப் போல் 16 மடங்கு, 3 மி.மீ. தகட்டுக்கு 48 மி.மீ. தகடு 2.8 மி.மீ. வந்திருந்தால் தூரத்தையும் மாற்ற வேண்டும். 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் 40 மணி நேரம் வைத்த பிறகு சோதிப்பது முறை. குறைந்தது ஐந்து மாதிரிகள். சராசரியோடு சிதறலையும் எழுதுங்கள். இயற்கை நாரில் சிதறல் அதிகம். இரண்டு தகடுகளின் சராசரிக்கும் இடையே உள்ள வித்தியாசம் சிதறலைவிடச் சிறியது என்றால் முன்னேற்றம் என்று சொல்ல முடியாது.

14. முறிந்த முகத்தைப் பாருங்கள்

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் காத்திருக்க வேண்டாம். நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸே நிறையச் சொல்லும். முறிந்த துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள்.

நார்கள் நீளமாக நீட்டிக்கொண்டு, மேலே ரெசின் துணுக்கே இல்லாமல் சுத்தமாக இருந்தால், எதிர்முகத்தில் வழவழப்பான துளைகள் தெரிந்தால், பிடிப்பு இல்லை. மெழுகு போகவில்லை அல்லது அலசல் போதவில்லை. ஐந்து, ஆறாம் படிகளைப் பாருங்கள்.

நார் குட்டையாக முறிந்து, மேலே ரெசின் ஒட்டியிருந்தால் பிடிப்பு நன்று. அப்படியிருந்தும் வலிமை குறைவு என்றால் நாரே பலவீனப்பட்டிருக்கிறது, காஸ்டிக் அதிகம்.

பளபளக்கும் உருண்டைக் குழிகள் குமிழ்கள். அவை நாரை ஒட்டியே இருந்தால் ஈரம், ரெசினின் நடுவில் இருந்தால் கலக்கும்போது ஏறிய காற்று. வெளுத்த, காய்ந்த நார்க் கொத்து தெரிந்தால் நனையவில்லை. ஒவ்வொரு மாதிரியையும் எண் எழுதிப் பையில் போட்டுவையுங்கள், பரிசோதனைத் தாளைவிட அடுத்த தகட்டுக்கு அதுதான் வழிகாட்டும்.

15. தண்ணீர்

பயன்பாட்டில் இந்தத் தகட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். நுழைவது வெட்டிய விளிம்பு வழியாக, துளை போட்ட இடம் வழியாக. நார் உப்பும், சுற்றியுள்ள ரெசினில் மயிரிழை விரிசல் விடும், அதன் வழியே இன்னும் தண்ணீர் ஏறும். எல்லா விளிம்புக்கும் துளைக்கும் அதே எபாக்சியை ஒரு கை பூசுங்கள். ஏஎஸ்டிஎம் டி570 முறையில் 24 மணி நேரம் ஊறவைத்து எடை ஏற்றத்தைப் பாருங்கள். அதோடு நிற்காமல், ஊறிய மாதிரிகள் ஐந்தை இழுத்தும் பாருங்கள். வெளிப்புறப் பயன்பாட்டுக்கு என்றால் அந்த எண்தான் உண்மையான எண்.

வெளி இரண்டு பக்கத்திலும் ஓர் அடுக்குக் கண்ணாடி நார் வைத்தால் வளைவு வலிமை நன்றாக ஏறும், தண்ணீரும் குறையும். வளையும்போது அதிகச் சுமை மேற்பரப்பில்தான் வருகிறது என்பதே காரணம். அப்படிச் செய்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எபாக்சித் தகடு மண்ணில் மக்காது, மறுபடி உருகவும் உருகாது. அதை “மக்கும் பொருள்” என்று எழுதுவது தவறு. கண்ணாடி நாரின் பங்கைக் குறைத்தோம், எடையைக் குறைத்தோம் என்பதே நேர்மையான கூற்று.

16. மறுபடி உருக்க வேண்டுமென்றால்: பாலிப்ரோப்பிலீன்

உருக்கி மறுபயன்பாடு செய்வதுதான் நோக்கம் என்றால் எபாக்சியை விட்டுப் பாலிப்ரோப்பிலீனுக்கு வாருங்கள். உலர்த்தும் விதிகள் அதேதான். பிடிப்பு மட்டும் வேறு. பாலிப்ரோப்பிலீன் எண்ணெய்த் தன்மை கொண்டது, நார் தண்ணீரை விரும்புவது. காஸ்டிக் மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது. மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பாலிப்ரோப்பிலீனை 3 முதல் 5 சதவீதம் சேர்க்க வேண்டும்.

பாலிப்ரோப்பிலீன் 165 டிகிரி அளவில் உருகும். நார் 200-ஐத் தாண்டினால் கருகத் தொடங்கும். வேலை செய்யக் கிடைப்பது நடுவில் இருக்கும் 170–190 டிகிரிதான். நைலான் 6 உருகவே 220 டிகிரி வேண்டும் என்பதால் அது இந்த நாருக்கு ஏற்றதல்ல. பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரம் நாரைப் பொடியாக நறுக்கிவிடும் என்பதால், வலிமை முக்கியம் என்றால் பாலிப்ரோப்பிலீன் ஷீட்டையும் நார்ப் பாயையும் மாற்றி மாற்றி அடுக்கிச் சூடான பிரஸ்ஸில் அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் எபாக்சியைவிடப் பலமடங்கு கெட்டியானது. எனவே பாய்களை மெல்லியதாக, ஒவ்வொன்றும் 10, 15 கிராமுக்கு மிகாமல் செய்துகொள்ளுங்கள். பிரஸ்ஸைத் திறப்பதற்கு முன் தகடு 60 டிகிரிக்குக் கீழே ஆறட்டும். சூட்டோடு திறந்தால் வளைந்துகொள்ளும்.